பத்து டாலர் ஸ்விட்சும் நூறு கோடி டாலர் கொள்ளையும்

2016 பிப்ரவரி 5, வெள்ளிக்கிழமை. இடம், டாக்காவில் உள்ள பங்களாதேஷ் வங்கி. பெயரைப் பார்த்து ஏதோ ஒரு வணிக வங்கி என்று நினைத்துவிட வேண்டாம். இந்தியாவுக்கு ரிசர்வ் வங்கி எப்படியோ அந்த நாட்டுக்கு இது அப்படி.

அங்கே வெள்ளியும் சனியும் வார விடுமுறை. இருந்தாலும் வேலைக்கு வந்த ஒரு அதிகாரி பிரிண்டரைப் போய்ப் பார்க்கிறார். இரவு முழுக்கத் தானாக அச்சாகித் தட்டில் கிடக்க வேண்டிய தாள்கள் எதுவும் இல்லை. பிரிண்டர் மக்கர். பிரிண்டர் என்றால் மக்கர் பண்ணத்தானே செய்யும்? அவரும் அப்படித்தான் நினைத்தார். அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள்.

அதற்குள் அந்த வங்கியின் பெயரால் நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கிக்கு 35 உத்தரவுகள் போயிருந்தன. "எங்கள் கணக்கிலிருந்து எடுத்து இன்னாருக்குக் கொடு" என்று. மொத்தம் 95.1 கோடி டாலர். கிட்டத்தட்ட நூறு கோடி டாலர்!

இந்த உத்தரவுகள் போனது ஸ்விஃப்ட் வழியாக. ஸ்விஃப்ட் பணத்தை அனுப்புவதில்லை. ஒரு வங்கி இன்னொரு வங்கிக்குச் சொல்ல வேண்டிய செய்தியை அனுப்புகிறது, அவ்வளவுதான். 1973-ல் பெல்ஜியத்தில் தொடங்கிய அமைப்பு. அந்தச் செய்தி சரியான ஆளிடமிருந்துதான் வந்திருக்கிறது என்று நம்பித்தான் உலகத்தின் வங்கிகள் எல்லாம் கோடிகளைக் கைமாற்றுகின்றன. அந்த நம்பிக்கையைத்தான் திருடர்கள் எடுத்துக்கொண்டார்கள். பிரிண்டரை ஊமையாக்கியதும் அவர்கள் வைத்த நிரல்தான். உறுதிச் செய்திகள் தாளில் வந்திருந்தால் காலையிலேயே குட்டு உடைந்திருக்குமே!

35-ல் 30 உத்தரவுகள் நியூயார்க்கில் நின்றன. அவை நின்ற கதை வேடிக்கையானது. பணம் போக வேண்டிய பிலிப்பைன்ஸ் வங்கிக் கிளை இருந்த தெருவின் பெயர் ஜூபிடர். அதே பெயரில் ஒரு எண்ணெய்க் கப்பல் ஈரான் மீதான அமெரிக்கத் தடைப் பட்டியலில் இருந்தது. இரண்டுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனாலும் கணினி கையை உயர்த்தியது, ஆட்கள் உட்கார்ந்து பார்த்தார்கள், 85 கோடி டாலர் தப்பியது.

தப்பிப் போன ஐந்தில் ஒன்று இலங்கைக்கு வந்தது. 2 கோடி டாலர், ஒரு தொண்டு அமைப்பின் கணக்குக்கு. 'ஃபவுண்டேஷன்' என்று எழுத வேண்டியதைத் திருடர்கள் 'ஃபண்டேஷன்' என்று எழுதிவிட்டார்கள். இடையில் இருந்த டாய்ச் வங்கி "இது என்ன?" என்று கேட்க, அந்தப் பணமும் திரும்பி வந்தது. ஒரு தெருப்பெயரும் ஓர் எழுத்துப்பிழையும் சேர்ந்து 87 கோடி டாலரைக் காப்பாற்றின. ஒரு நாட்டின் கருவூலத்துக்குக் காவல் நின்றது இவை இரண்டும்தான்.

மீதி 8.1 கோடி டாலர் மணிலாவுக்குப் போய், அங்கிருந்து சூதாட்ட விடுதிகளில் கரைந்தது. நாளையும் நன்றாகப் பார்த்து வைத்திருந்தார்கள். டாக்காவில் வெள்ளி, சனி விடுமுறை. நியூயார்க்கில் சனி, ஞாயிறு விடுமுறை. பிப்ரவரி 8 திங்கள், சீனப் புத்தாண்டு, பிலிப்பைன்ஸில் விடுமுறை. நிறுத்தச் சொல்லி ஓலை போய்ச் சேர்ந்தும் பயனில்லை. கவர்னர் மார்ச் 15 அன்று பதவி விலகினார்.

இதுவரை சினிமா. இனிமேல்தான் விஷயம்.

2016 ஏப்ரலில் அந்நாட்டுக் காவல்துறையின் விசாரணை அதிகாரி ஒருவர் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்திடம் இரண்டு விவரங்களைச் சொன்னார். ஒன்று, வங்கியில் ஃபயர்வால் இல்லை. இரண்டு, ஸ்விஃப்ட் கணினிகளை நெட்வொர்க்கில் இணைத்திருந்தவை பத்து டாலர் விலையுள்ள, ஏற்கெனவே பயன்படுத்திய ஸ்விட்சுகள். அன்றைய கணக்கில் எழுநூறு ரூபாய்கூட வராது. ஒரு நல்ல செருப்பின் விலை!

எட்டாவது மாடியில், ஜன்னல் இல்லாத ஓர் அறை. பன்னிரண்டுக்கு எட்டு அடி. உள்ளே நான்கு சர்வர், நான்கு திரை. அந்த அறைக்குள் ஆள் நுழைவது சுலபமில்லை. ஆனால் கம்பி வழியாக? அந்த வங்கியில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கணினிகள் இருந்தன. அந்த அறையின் கணினிகளை மற்றவற்றிலிருந்து பிரித்து வைத்திருக்க வேண்டும், பிரிக்கவில்லை என்பதுதான் விசாரணை அதிகாரியின் குற்றச்சாட்டு. பிரிக்க முடிகிற 'மேனேஜ்டு ஸ்விட்ச்' ஒன்றின் விலை சில நூறு டாலர்தான். மலிவான ஸ்விட்ச் எந்தப் பதிவையும் வைத்திருக்காது என்பதால், திருடன் எந்த வழியாக வந்தான் என்று பின்னால் தேடுவதும் கஷ்டமாகிவிட்டது.

ஃபயர்வால் என்ற சொல்லைக் கேட்டவுடனே "அது கம்ப்யூட்டர்காரர்கள் சமாச்சாரம்" என்று நகர்ந்துவிடுவது வழக்கம். வணிகவியல் வகுப்பறைகளில் இன்னும் அதிகம். ஆனால் கொஞ்சம் பொறுமையாகப் பார்த்தால், இது ஒரு கணக்குப் புத்தகம் மாதிரிதான் இருக்கிறது.

ஒரு சர்வரின் ஐ.பி. முகவரி என்பது கட்டடத்தின் கதவிலக்கம் என்று வைத்துக்கொண்டால், போர்ட் என்பது உள்ளே இருக்கும் கவுண்டர் எண். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கவுண்டர். பாதுகாப்பான இணையப் பக்கங்களுக்கு 443, மின்னஞ்சலுக்கு 25, லினக்ஸ் சர்வரைத் தொலைவிலிருந்து இயக்கும் எஸ்.எஸ்.எச்.சுக்கு 22, விண்டோஸை அதே மாதிரி இயக்க 3389, ஆரக்கிள் தகவல்தளத்துக்கு 1521... இப்படி 65,535 வரை எண்கள் உண்டு. எந்தக் கவுண்டரும் தானாகத் திறந்துகொள்வதில்லை. ஏதாவது ஒரு மென்பொருளை நிறுவும்போது அது போய் ஒரு கவுண்டரில் உட்கார்ந்துகொள்கிறது. நிறுவியவர் மறந்துபோனாலும் அது உட்கார்ந்தேதான் இருக்கும்.

ஃபயர்வால் என்பது வாசலில் நிற்கும் காவலர். அவர் கையில் ஒரு பட்டியல். ஒவ்வொரு வரியிலும் நான்கே விவரம்: எங்கிருந்து, எங்கே, எந்தக் கவுண்டருக்கு, அனுமதியா மறுப்பா. பெரும்பாலான ஃபயர்வால்களில் பட்டியலை மேலிருந்து கீழாகப் படிப்பார்கள். முதலில் பொருந்தும் வரி எதுவோ அதுவே தீர்ப்பு. கடைசி வரியில் "மற்ற எல்லோருக்கும் மறுப்பு" என்று இருக்க வேண்டும். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. மேலே எங்கோ ஒருவர் "எங்கிருந்தும், எங்கும், எதற்கும் அனுமதி" என்று ஒரு வரியைச் செருகிவிட்டால், அதற்குக் கீழே பார்த்துப் பார்த்து எழுதிய இருநூறு வரிகளும் வீண். பட்டியல் நீளமாக இருக்கும், அதிகாரிகளுக்குக் காட்டினால் மிரண்டுபோவார்கள், காவலரோ முதல் வரியோடு நிறுத்திக்கொண்டு எல்லோரையும் உள்ளே விட்டுக்கொண்டிருப்பார்!

டாக்காவின் அந்த அறைக்கு இப்படி ஒரு பட்டியல் எழுதினால் எவ்வளவு நீளம் வரும்? அந்த சர்வர்கள் ஸ்விஃப்ட் நெட்வொர்க்கோடு பேச வேண்டும். உத்தரவுகளைத் தட்டச்சு செய்யும் சில கணினிகளோடு பேச வேண்டும். உள்நாட்டுப் பணப்பரிமாற்ற அமைப்பின் சர்வரோடு பேச வேண்டும். பராமரிப்புக்கு ஏதாவது ஒரே ஒரு கணினியிலிருந்து வர வேண்டும். மற்றதெல்லாம் மறுப்பு. பத்து வரிகூட வராது. வெளியே போகும் பாதையையும் அடைக்க வேண்டும். பணம் அனுப்பும் சர்வருக்கு இணையத்தில் என்ன வேலை? பலர் உள்ளே வருவதை மட்டும் பார்க்கிறார்கள். திருடன் உள்ளே வந்த பிறகு வெளியே தன் கூட்டாளியோடு பேசத்தான் அவனுக்கு வழி வேண்டும், அதை யாரும் யோசிப்பதில்லை.

ஒரு நியாயமான கேள்வி எழும். ஃபயர்வால் இருந்திருந்தால் திருட்டே நடந்திருக்காதா? அப்படிச் சத்தியம் செய்ய முடியாது. அமெரிக்கா 2018-ல் ஒரு வட கொரியர் மீது வெளியிட்ட குற்றப் புகாரின்படி, எல்லாம் தொடங்கியது 2015 ஜனவரியில் வங்கி ஊழியர்களுக்கு வந்த மின்னஞ்சல்களில். வேலை கேட்டு விண்ணப்பம் அனுப்புவது போன்ற கடிதம். விண்ணப்பத்தைத் திறந்து பார்க்கும் ஊழியரை எந்த ஃபயர்வாலும் தடுக்காது. மணிலாவில் பணத்தை வாங்கிக்கொள்ளக் கணக்குகள் திறந்தது 2015 மே மாதம். கொள்ளை நடந்தது 2016 பிப்ரவரி. அதாவது ஒரு வருடத்துக்கு மேல் ஆற அமர வேலை பார்த்திருக்கிறார்கள். யாரோ ஒரு குமாஸ்தாவின் கணினியிலிருந்து எட்டாவது மாடி சர்வர் வரை வந்து சேர வேண்டும் அல்லவா? அந்தப் பயணத்தில் அவர்கள் எங்கேயாவது ஒரு பூட்டிய கதவில் முட்டியிருந்தால், முட்டிய சத்தமாவது லாகில் பதிந்திருக்கும். பிரித்து வைத்த நெட்வொர்க் திருடனைத் தாமதப்படுத்துகிறது, தடயம் விடவைக்கிறது. காவல் என்பது அதுதானே? வீட்டுப் பூட்டும் உடையும். அதற்காகப் பூட்டாமலா ஊருக்குப் போகிறார்கள்?

திருட்டுக்குப் பிறகு நடந்த சண்டைதான் இந்த விஷயத்தின் உயிர்நாடி. ஸ்விட்சை மாற்றச் சொல்லி ஸ்விஃப்ட் ஆட்கள் திருட்டுக்குப் பிறகுதான் சொன்னார்கள் என்றது வங்கி. 2015-ல் உள்நாட்டுப் பணப்பரிமாற்ற அமைப்பை ஸ்விஃப்டோடு இணைக்க வந்த தொழில்நுட்பர்கள் ஓட்டைகளை விட்டுவிட்டுப் போனார்கள் என்றது பங்களாதேஷ் காவல்துறை. ஸ்விஃப்ட் அதை மறுத்தது. 2016 மே மாதம் தன் உறுப்பினர் வங்கிகளுக்கு எழுதிய கடிதத்தில், நீங்கள் எந்த ஃபயர்வாலை வைக்கிறீர்கள், உள் நெட்வொர்க்கை எப்படிப் பிரிக்கிறீர்கள் என்பதற்கெல்லாம் நாங்கள் பொறுப்பாக முடியாது என்று சொல்லிவிட்டது.

ஆக, ஒரு நாட்டின் அந்நியச் செலாவணிக்கு வாசல் இருக்கிறது. அந்த வாசலைப் பூட்ட வேண்டியது யார் என்று பணம் போன பிறகுதான் விவாதிக்கிறார்கள்!

வணிகவியல் படிக்கும் மாணவர் எவருக்கும் இது வியப்பாக இருக்கும். தணிக்கைப் பாடத்தில் உள்ளகக் கட்டுப்பாடு, உள்ளகச் சரிபார்ப்பு என்று வருமே, அதன் முதல் பாடம் என்ன? காசு வாங்குபவரும் பேரேட்டில் எழுதுபவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. வங்கியின் பெட்டக அறைக்கு இரண்டு சாவி, இரண்டு பேரிடம். சில்லறைச் செலவுக்கு ஐநூறு ரூபாய் எடுத்தாலும் வவுச்சர் வேண்டும், எதற்கு என்று எழுத வேண்டும், அனுமதித்தவர் கையெழுத்துப் போட வேண்டும்.

இப்போது ஒரு சராசரி அலுவலகத்துக்குப் போய்ப் பாருங்கள். வெள்ளிக்கிழமை மாலை. கணக்கு மென்பொருள் நின்றுவிட்டது. மென்பொருள் விற்ற கம்பெனிக்காரர் "ரிமோட்டில் வந்து பார்க்கிறேன், 3389-ஐத் திறந்து விடுங்கள்" என்கிறார். மேலாளர் சர்வர் பார்க்கும் பையனுக்குப் போன் போடுகிறார். "தம்பி, ஒரு மணி நேரம்தான்பா, திறந்து விடு. சம்பளம் போடணும்." தம்பியும் திறக்கிறார். "எங்கிருந்து" என்ற இடத்தில் கம்பெனிக்காரரின் முகவரியைப் போட வேண்டும். அவருக்கே அது தெரியவில்லை. ஆகவே "எங்கிருந்தும்" என்று போடுகிறார். வரிக்குப் பெயர் 'டெம்ப்'. வேலை முடிகிறது, எல்லோரும் வீட்டுக்குப் போகிறார்கள். மூடச் சொல்லி யாரும் போன் போடுவதில்லை. ஆறு மாதத்தில் தம்பிக்கு வேறு வேலை கிடைத்துவிடுகிறது. புதிதாக வருபவர் அந்த வரியைப் பார்க்கிறார். எடுத்தால் எது நின்றுபோகுமோ என்று பயம். அதனால் தொடுவதில்லை. 'டெம்ப்' வெள்ளிவிழா கொண்டாடும் வரை இருக்கும்.

ஒரு நாள் ரான்சம்வேர் உள்ளே வருகிறது. விசாரணையில் குற்றவாளி யார்? சந்தேகமே வேண்டாம். தம்பிதான்.

இது அநியாயம். வாசலைத் திறப்பதா வேண்டாமா என்று முடிவு எடுத்தவர் மேலாளர். ஆபத்து நிறுவனத்தின் பணத்துக்கு. தம்பி செய்தது தட்டச்சு மட்டும். ஐநூறு ரூபாய்க்கு வவுச்சர் கேட்கும் அதே அலுவலகம், மொத்தப் பேரேடும் இருக்கும் சர்வரை உலகத்துக்கே திறந்துவிட ஒரு போன் போதும் என்று வைத்திருக்கிறது. ஃபயர்வாலில் ஒரு வரியைச் சேர்ப்பது தொழில்நுட்ப வேலை என்று நினைப்பதால் வரும் வினை இது. அது உண்மையில் ஒரு செலவு ஒப்புதல் மாதிரி. நிறுவனம் இந்த அளவு ஆபத்தை ஏற்றுக்கொள்கிறது என்ற ஒப்புதல். அதற்கும் வவுச்சர் வேண்டும். யார் கேட்டது, எதற்கு, யார் ஒப்புதல், எந்தத் தேதியோடு முடிகிறது. ஏற்கெனவே இருக்கும் நான்கு விவரத்தோடு இந்த நான்கும் சேர்ந்தால் பட்டியல் முழுமையாகும். இப்போதுள்ள ஃபயர்வால்களில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் குறிப்பு எழுத இடம் இருக்கிறது. பெரும்பாலும் காலியாகத்தான் கிடக்கும்.

"பெரிய நிறுவனங்களில் இப்படி நடக்காது, காசு கொட்டி வாங்கி வைத்திருப்பார்கள்" என்று யாராவது சொன்னால், கேப்பிடல் ஒன் கதையைச் சொல்லலாம். அமெரிக்காவின் பெரிய வங்கிகளில் ஒன்று. அவர்களிடம் ஃபயர்வால் இருந்தது. 2019 மார்ச்சில் உள்ளே வந்தவர் அந்த ஃபயர்வால் வழியாகத்தான் வந்தார்! அமேசானின் கிளவுடில் ஓடிய அவர்களுடைய இணையச் செயலி ஃபயர்வாலைத் தவறாக அமைத்திருந்தார்கள். வெளியே இருப்பவர் சொல்லும் வேண்டுகோளை அது தன் பெயரில் உள்ளே கொண்டுபோய்க் கேட்டது; உள்ளே இருந்து கிடைத்த தற்காலிகச் சாவியை வெளியே கொடுத்தது. அதைவிடப் பெரிய தப்பு, அந்தச் சாவிக்கு வாடிக்கையாளர் கோப்புகள் இருந்த சேமிப்பகங்களையே திறக்கும் அதிகாரம் இருந்தது. வாசல் காவலருக்குப் பெட்டக அறைச் சாவி எதற்கு? யாரும் கேட்கவில்லை. அமெரிக்காவில் சுமார் 10 கோடி, கனடாவில் சுமார் 60 லட்சம் பேருடைய விவரங்கள் போயின. வெளியே இருந்து ஒருவர் ஜூலையில் மின்னஞ்சல் போட்டுச் சொன்ன பிறகுதான் வங்கிக்கே தெரிந்தது. 2020-ல் கட்டுப்பாட்டு அமைப்பு போட்ட அபராதம் 8 கோடி டாலர்.

2017-ல் ஈக்விஃபேக்ஸ் நிறுவனத்தில் நடந்தது இன்னும் மோசம். நெட்வொர்க்கில் போய்வரும் மறையாக்கப்பட்ட தகவலைப் பிரித்துப் பார்க்க ஒரு கருவி வைத்திருந்தார்கள். அதன் சான்றிதழ் காலாவதியாகிப் பல மாதம் ஆகியிருந்தது. கருவி நின்றது, விளக்கு எரிந்தது, ஆனால் எதையும் பார்க்கவில்லை. ஜூலை 29 அன்று சான்றிதழைப் புதுப்பித்தார்கள். உடனே சந்தேகமான போக்குவரத்து தெரிந்தது. திருடர்கள் மே மாதத்திலிருந்து உள்ளே இருந்திருக்கிறார்கள். பதினான்கு கோடிக்கும் மேற்பட்டவர்களின் விவரம். கார் இன்சூரன்ஸைப் புதுப்பிக்க மறப்பது மாதிரி ஒரு மறதி!

டாக்காவில் கருவியே இல்லை. இந்த இரண்டு இடங்களில் கருவி இருந்தது, அதைப் பட்டியல் வைத்து அவ்வப்போது கேள்வி கேட்கும் வழக்கம் பலிக்கவில்லை. கேள்வி கேட்பது தணிக்கையாளர் வேலை.

தமிழ்நாட்டுக்கும் இந்தக் கதை வந்துபோனது. 2018 பிப்ரவரியில் கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கியின் பெயரில் ஸ்விஃப்ட் வழியாக மூன்று போலி உத்தரவுகள் போயின. சுமார் 20 லட்சம் டாலர். துபாய், துருக்கி, சீனா என்று மூன்று திசைக்கு. இங்கேயும் ஸ்விஃப்ட் பிரிண்டர் வேலை செய்யவில்லை! ஆனால் மறுநாள் காலை கணக்குகளை ஒத்துப் பார்க்கும்போதே கண்டுபிடித்துவிட்டார்கள். துபாய்க்குப் போன 5 லட்சம் டாலர் உடனே தடுக்கப்பட்டது. வங்கிச் சரிக்கட்டும் பட்டியல் என்று முதலாண்டிலேயே படிக்கிறார்களே, பலர் கொட்டாவி விட்டுக்கொண்டே போடும் அந்தக் கணக்கு, அந்த ஒத்துப் பார்க்கும் பழக்கம்தான் அன்றைக்குக் கைகொடுத்தது. ஃபயர்வால் பட்டியலையும் அதே மாதிரி ஒத்துப் பார்க்க முடியும். ஒவ்வொரு வரியும் எத்தனை தடவை பயன்பட்டது என்று பல ஃபயர்வால்கள் எண்ணி வைத்திருக்கின்றன. ஒரு வருடமாகப் பூஜ்யம் என்று நிற்கும் வரிகளைத் தேட ஓர் எக்ஸெல் தாள் போதும், கணினி அறிவியல் பட்டம் தேவையில்லை.

சட்டம் தூங்குகிறது என்று சொல்ல முடியாது. 2016 ஜூன் 2 அன்று ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டது. ஒவ்வொரு வங்கியும் தன் இயக்குநர் குழு ஒப்புதலோடு சைபர் பாதுகாப்புக் கொள்கை வைத்திருக்க வேண்டும் என்று. 2022-ல் செர்ட்-இன், லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், சம்பவம் தெரிந்து 6 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும் என்றது. ஸ்விஃப்டும் பாடம் கற்றுக்கொண்டது. 2017-ல் அது வெளியிட்ட கட்டாய விதிகள் தொடங்குவதே ஸ்விஃப்ட் கணினிகளை மற்றவற்றிலிருந்து பிரித்து வை என்பதில்தான். முதலில் வங்கிகள் தாங்களாகவே "பிரித்துவிட்டோம்" என்று எழுதிக்கொடுத்தால் போதும் என்று இருந்தது. 2021-லிருந்து தனியாக ஒருவர் வந்து மதிப்பிட வேண்டும். கணக்கு எழுதியவரே தணிக்கையும் செய்ய முடியாது என்ற பழைய பாடத்துக்கு வந்து சேர ஐந்து வருடம்!

சிக்கல் எங்கே என்றால், கொள்கை என்ற பெயரில் நாற்பது பக்க ஆவணம் தயாராகிவிடுகிறது. 'தேவையான அளவு மட்டுமே அனுமதி' என்று அழகாக எழுதியிருப்பார்கள். சர்வரில் இருக்கும் பட்டியலுக்கும் அந்த ஆவணத்துக்கும் பேச்சுவார்த்தையே இருக்காது. தணிக்கைக்கு வருபவர் "கொள்கை இருக்கிறதா?" என்று கேட்பார், "இருக்கிறது" என்று கோப்பைக் காட்டுவார்கள், டிக் அடிப்பார், காபி வரும். கையிருப்புச் சரக்கை இப்படியா சரிபார்க்கிறார்கள்? கிடங்குக்குப் போய் மூட்டையை எண்ணுகிறார்கள் அல்லவா?

கம்ப்யூட்டர் பாதுகாப்புக்காரர்கள் மேலும் தப்பு உண்டு. சிலருக்கு மறுப்பதிலேயே ஒரு சந்தோஷம். எதைக் கேட்டாலும் முடியாது. அப்போது என்ன நடக்கும்? வேலை நடக்க வேண்டுமே. ஊழியர் தன் போன் ஹாட்ஸ்பாட்டை ஆன் செய்து கோப்பை அனுப்பிவிடுவார். பூட்டிய வாசலுக்குப் பக்கத்திலேயே சுவரில் ஓட்டை. அதனால் வவுச்சர் முறை இருந்தால் மட்டும் போதாது, கேட்ட அன்றைக்கே பதில் கிடைக்க வேண்டும். திறக்கும்போதே மூடும் தேதியையும் போட்டுவிட்டால் "ஒரு மணி நேரம்தான்பா" என்பது உண்மையிலேயே ஒரு மணி நேரமாக இருக்கும். பல ஃபயர்வால்களில் குறிப்பிட்ட நேரத்தில் தானாகச் செயலிழக்கும் வரியை எழுத முடியும். கேட்டால்தானே செய்வார்கள்.

2013-ம் வருடக் கம்பெனிகள் சட்டப்படி நிதி அறிக்கைகள் மீதான உள்ளகக் கட்டுப்பாடுகள் ஒழுங்காக இயங்குகின்றனவா என்று பல கம்பெனிகளில் தணிக்கையாளர் கருத்துச் சொல்லியாக வேண்டும். அந்த நிதி அறிக்கை முழுவதும் ஒரு சர்வரில் இருக்கிறது. அந்த சர்வருக்கு யார் யார் போகலாம் என்ற பட்டியலைப் பார்க்காமல் கீழே கையெழுத்துப் போடுவது எப்படிச் சரியாகும்? வணிகவியல் பாடத்திட்டத்தில் கணினி என்றால் இன்னும் டேலியும் எக்ஸெலும்தான். ஒரு ஃபயர்வால் பட்டியலைப் படிக்கக் கற்றுக்கொடுக்க இரண்டு வகுப்பு போதும். பேரேட்டைப் படிப்பதைவிட அது கஷ்டமில்லை.

அந்த இரண்டு வகுப்பு கிடைத்த ஒருவர் நாளைக்குத் தணிக்கைக்குப் போகிறார் என்று வையுங்கள். அவர் கொள்கை ஆவணத்தைக் கேட்க வேண்டியதில்லை. இன்றைய தேதியில் சர்வரில் ஓடிக்கொண்டிருக்கும் பட்டியலைக் கேட்கலாம். 'டெம்ப்' என்று பெயருள்ள வரிகளையும், 'எங்கிருந்தும்' என்று இருக்கும் வரிகளையும், ஒரு வருடமாகப் பூஜ்யத்தில் நிற்கும் வரிகளையும் சிவப்புப் பேனாவால் சுழித்துவிட்டு, ஒவ்வொன்றுக்கும் யார் அனுமதித்தது என்று மேலாளரிடம் கேட்கலாம். தம்பியிடம் இல்லை, மேலாளரிடம். பட்டியலைத் தாளில் அச்செடுத்தே கேட்பது நல்லது. பிரிண்டர் வேலை செய்கிறதா என்றும் அப்படியே தெரிந்துவிடும்.